248 வாக்கியங்களும் ஏஐ உதவியாளரும்

திருவனந்தபுரம் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் இருக்கிறது. பக்கத்திலேயே 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க். அங்கே பனையோலையில் எழுதிய பழைய வானியல் கணக்குகள். இங்கே ஏஐ உதவியாளரிடம் தரவைக் கொடுத்து அறிக்கை கேட்கும் இளைஞர்கள். இரு தரப்புக்கும் தலைவலி ஒன்றுதான்: இன்று போட்ட கணக்கை நாளை வேறொருவர் போட்டாலும் அதே விடை வரவேண்டும்.

திருவனந்தபுரத்தில் ஜூன் மாதம் எத்தனை நாள் மழை பெய்தது? மழை அட்டவணையை ஏஐயிடம் கொடுத்து இதைக் கேளுங்கள். லேசாகத் தூறிய நாளையும் சேர்த்து ஓர் எண் சொல்லும். அடுத்த மாதம் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் தூறலைத் தள்ளிவிட்டு எண்ணவும் கூடும். இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கோ 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால்தான் மழை நாள். காலை 8.30-க்கு அளப்பது முந்தைய 24 மணி நேர மழையை. ஜூன் 1-ஆம் தேதிக் கட்டத்தில் இருப்பதில் பெரும்பகுதி நேரம் மே 31-க்கு உரியது. அளவெடுக்காத நாளின் வெற்றுக் கட்டத்தைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டால் சராசரியே கெட்டுவிடும். மொழி மாதிரிகள் நிகழ்தகவில் இயங்குபவை. நாம் சொல்லாமல் விட்டதைத் தாங்களாகவே நிரப்பிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நிரப்பும் என்ற உறுதி இல்லை.

திரும்பத் திரும்பப் பயன்படும் 'ஒர்க்ஃப்ளோ' என்று டெக்னோபார்க்காரர்கள் சொல்வது இதற்கான மருந்து. வரையறைகளை ஒருமுறை எழுதிவிட வேண்டும். ஏஐ எழுதித் தரும் நிரலை ஒரு மனிதர் படித்துப் பார்த்துச் சேமிக்க வேண்டும். அடுத்த மாதம் மாறுவது நிலையத்தின் பெயரும் மாதமும் மட்டுமே. ஓடுவது அதே நிரல். விடையைப் பத்தியாக விளக்கி எழுதும் வேலையை ஏஐக்கு விட்டுவிடலாம். கூட்டல் கழித்தலை விடக்கூடாது.

கேரளத்து வானியலாளர்கள் இதைச் சந்திரனுக்குச் செய்து வைத்தார்கள். பூமிக்கு அருகே வரும்போது சந்திரன் வேகமாகவும் விலகும்போது மெதுவாகவும் நகர்கிறது. இந்தச் சுற்று ஒன்பது முறை முடிய ஏறத்தாழ 248 நாள். ஆகவே நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள். வரருசி இயற்றியதாகச் சொல்வார்கள். எழுத்துக்கு ஓர் எண் என்ற கடபயாதி முறையில் ஒவ்வொரு வாக்கியமும் சந்திரனின் இருப்பிடத்தைச் சொல்லும். கணிப்பவர் கடந்த நாட்களை எண்ணி, 12372, 3031, 248 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே வருவார். கடைசி மீதிதான் வாக்கியத்தின் எண். சைன் அட்டவணை எதுவும் வேண்டாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, பிழை பிடிக்கும் வழி. முதல் வாக்கியத்தையும் 247-ஆவதையும் கூட்டினாலும், 10-ஆவதையும் 238-ஆவதையும் கூட்டினாலும், முழுச் சுற்றுகளைக் கழித்துவிட்டால், கடைசி வாக்கியத்தின் அளவான சுமார் 27 பாகை 44 கலை (60 கலை ஒரு பாகை) வரவேண்டும். வராவிட்டால் ஏட்டைப் பெயர்த்தெழுதியவர் எங்கோ எழுத்தைத் தவறவிட்டிருக்கிறார். இன்றைய ஒர்க்ஃப்ளோக்கள் பலவற்றில் இப்படி ஒரு சோதனை வரியைக் காணோம்.

இந்த முறை எவ்வளவு தூரம் தாங்கும்? புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாட அட்டவணைகளைக் கொண்டே சந்திர கிரகணம் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் என்பவர் 1825-ல் வெளியான தம் 'கால சங்கலிதம்' நூலில் எழுதியிருக்கிறார். கோட்பாடு அந்தப் பஞ்சாங்கக்காரருக்குத் தெரியாது என்றும் குறிப்பிடுகிறார். அவ்வாண்டு மே 31 இரவுக் கிரகணத்துக்கு அந்தக் கணிப்பில் வந்த பிழை: தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. புரியாமல் செய்தவருக்கு இது அபாரம்தான். ஆனால் பிழை எங்கிருந்து வந்தது என்பதை அவரால் கண்டுபிடிக்க முடியாது. ஏஐயிடம் பொத்தானை மட்டும் அழுத்துகிறவரின் நிலையும் இதுவே.

கண்டுபிடிக்க முடிந்தவர் கேரள வானியலாளர் பரமேசுவரர். கிரகணங்களைப் பல ஆண்டுகள் வானத்தில் பார்த்து, பழைய கணக்கோடு ஒப்பிட்டு, 1431-ல் 'திருக்கணிதம்' என்ற நூலை எழுதினார். அவருக்கு முந்தைய கேரள வானியலாளர் மாதவரும் வரருசியின் சந்திர வாக்கியங்களை விகலை (கலையில் அறுபதில் ஒரு பங்கு) வரை திருத்தினார்.

திருத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? இன்றைய திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி கும்ப ராசிக்கு வந்தது 2023 ஜனவரி 17-ல். வாக்கியப் பஞ்சாங்கப்படி 2023 டிசம்பர் 20-ல். திருநள்ளாறு சனிப்பெயர்ச்சி விழாவும் அன்றுதான் நடந்தது. ஒரே கோள், ஒரே ராசி, 11 மாத வித்தியாசம். உங்கள் அலுவலகத்தில் ஏஐக்கு ஒர்க்ஃப்ளோ எழுதி வைத்திருந்தால், அதன் தலைப்பிலேயே இரண்டு தேதிகளைச் சேர்த்துவிடுங்கள்: எழுதிய நாள், அடுத்து உண்மைத் தரவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய நாள்.