உங்களுக்குத் தெரியுமா? வாசலுக்கு வந்த சின்னான்

● கல்வராயன் மலையடிவாரப் புதர்க்காட்டிலும் கள்ளக்குறிச்சி வீட்டு முருங்கையிலும் ஒரே குருவியைப் பார்க்கலாம். கருந்தலை, சிறு கொண்டை, வாலின் அடியில் குங்குமச் சிவப்பு. அதுதான் சின்னான் என்கிற கொண்டைக்குருவி. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

● ஊருக்குள் அது நிலைத்ததற்கு முதல் காரணம் சாப்பாடு. பப்பாளி, கறிவேப்பிலைப் பழம், பூவிதழ், தேன், பூச்சி எதையும் விடாது. சில சமயம் பல்லியைக்கூடப் பிடிக்கும். குஞ்சுகளுக்கு மட்டும் புழு பூச்சிகளை அதிகம் ஊட்டும். தோட்டத்துக்கு அதனால் லாபமே.

● பல பறவைகளின் உடல் வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளும். நம்மைப் போலவே சின்னானால் அது முடியாது. உணவிலிருந்துதான் பெற வேண்டும்.

● சுள்ளி, வேர்நார், சிலந்தி வலை கொண்டு கிண்ணம்போலக் கூடு கட்டும். ஊரில் மெல்லிய கம்பியும் பிளாஸ்டிக் இழையும் அதில் சேர்ந்துவிடும். மருதாணிப் புதர், பூந்தொட்டி, சில வேளை வீட்டுக்குள் தொங்கும் விளக்குகூட அதற்குப் போதும். செம்புள்ளி தெறித்த இளஞ்சிவப்பு முட்டைகள் 2 அல்லது 3. அவை பொரிய ஏறக்குறைய 2 வாரம் ஆகும்.

● 1903 வாக்கில், கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற இந்தியர்கள் வழியே இது பிஜித் தீவை அடைந்தது. அங்கே பயிரைக் கொத்தியது, உண்ணிச்செடி விதையைப் பரப்பியது. உலகின் மிக மோசமான 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் இன்று இதற்கும் இடமுண்டு. நம் ஊரிலோ இது மண்ணின் பறவை. ஆலும் அத்தியும் முளைப்பதில் இதற்கும் பங்குண்டு.

● எல்லாச் சின்னான்களுக்கும் ஊர் வாழ்க்கை ஒத்துவராது. இதன் உறவான மஞ்சள் தொண்டைச் சின்னான் தென்னிந்தியப் பாறைக் குன்றுகளின் புதர்க்காட்டில் மட்டுமே வாழ்கிறது. குன்றை உடைத்தால் அதற்குப் போக்கிடம் இல்லை. அழிவை எதிர்நோக்கும் இனமாக அது அறிவிக்கப்பட்டுள்ளது.

● ஒரு காலத்தில் சண்டைக்கென்றே சின்னானைப் பிடித்து வளர்த்தார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று அதைக் கூண்டில் அடைப்பது குற்றம்.

● வேலிச்செடியைக் கழிக்கும் முன் உள்ளே கூடு இருக்கிறதா என்று ஒருமுறை விலக்கிப் பாருங்கள். இருந்தால் குஞ்சு பறக்கும்வரை அரிவாளைத் தள்ளி வையுங்கள். கோடையில் மாடியில் ஒரு மண்சட்டித் தண்ணீரும் வையுங்கள்.