சிறு விமானமும் அதன் டயரும்



சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகிற வழியில் சோழவரத்தைக் கடந்திருப்பீர்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அங்கே ஒரு விமான ஓடுதளம் இருந்தது. போருக்குப் பின் பல ஆண்டுகள் அதில் விமானத்துக்குப் பதில் பந்தயக் கார்கள் ஓடின. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தனித் தளம் திறக்கப்பட்டது.

ஆனால் உலகில் பல இடங்களில் நோயாளிகளை ஏற்றிவரும் சிறு விமானங்களுக்கு அந்த அளவு தார்த்தளம்கூடக் கிடைப்பதில்லை. 1945-ல் தொடங்கிய மிஷன் ஏவியேஷன் பெல்லோஷிப் 1951 முதல் பாப்புவா நியூ கினியில் பறக்கிறது. அங்கே மலைச்சரிவில் புல்லை வெட்டிச் சீராக்கிய தளங்களே அதிகம். அப்படிப்பட்ட இடத்தில், புறப்படுமுன் விமானி குனிந்து பார்ப்பவற்றில் முக்கியமானது டயர்.

லாரி டயரில் நூறு பவுண்டை ஒட்டிக் காற்றுப் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்: 1970-களின் பிற்பகுதியில் வந்த செஸ்னா 172-ல் பிரதானச் சக்கரங்களுக்கு 29 பவுண்டு, மூக்குச் சக்கரத்துக்கு 31 பவுண்டு, அவ்வளவுதான். இந்தச் சொற்பக் காற்றிலும் குறைந்தால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். அதைவிட மோசம், இறங்கிப் பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மின் மேல் வழுக்கி நகர்ந்து, டியூபின் வால்வை அறுத்துவிடும். இதற்காகவே டயரையும் ரிம்மையும் சேர்த்து ஒரு வண்ணக்கோடு போட்டுவைப்பார்கள். கோடு முறிந்திருந்தால் டயர் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தே ஆகவேண்டும்.

காற்றை அளப்பது டயர் குளிர்ந்திருக்கும்போதுதான். புது டயர் மாட்டினால் அது சற்று விரியும். ஆகவே ஒரு நாள் கழித்து மறுபடி அளக்கவேண்டும். பழைய டியூப் ஏற்கெனவே நீண்டிருக்கும் என்பதால் புது டயருக்குள் அதைத் திணிப்பதில்லை. ஆயில் பட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுவார்கள். இந்தச் சக்கரம் இரண்டு பாதிகளைப் போல்ட்டால் இணைத்தது. காற்றை முழுவதும் இறக்காமல் நட்டைத் தளர்த்தினால் உயிருக்கே ஆபத்து. லாரி ரிம்மின் வளையம் தெறித்தால் என்னவாகும் என்று அறிந்த பஞ்சர் கடைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இனிப் புறப்பாடு. காய்ந்த புல்தரையிலும் தரையோட்டம் சுமார் 15 சதவீதம் கூடும் என்று செஸ்னா கையேடு கணக்குச் சொல்கிறது. வெயில் ஏறினால் காற்று லேசாகி இன்னும் நீளும். எதிர்க்காற்று இருந்தால் குறையும். மெத்தென்ற தரையில் விமானி நின்று முறுக்காமல், உருண்டபடியே முழு விசை கொடுப்பார். நின்ற இடத்திலேயே விசை கொடுத்தால் காற்றாடி கல்லை இழுத்துத் தன்மேலேயே அடித்துக்கொள்ளும். பிடியைப் பின்னுக்கு இழுத்து மூக்குச் சக்கரத்தின் பாரத்தைக் குறைப்பார். மற்றச் சக்கரங்களும் தரையை விட்டவுடன் மேலேறத் துடிக்கக்கூடாது. தரையை ஒட்டிப் பறக்கையில் இறக்கையின் இழுவை குறைவு. அந்தச் சலுகையில் சில அடி உயரத்திலேயே வேகம் சேர்த்தபின்தான் ஏறவேண்டும். அவசரப்பட்டால் விமானம் திரும்ப அமர்ந்துவிடும்.

விமானிகளிடம் ஒரு கணக்கு உண்டு. தளத்தின் பாதி தாண்டுமுன், மேலெழும் வேகத்தில் 70 சதவீதம் வராவிட்டால் விசையைக் குறைத்து நிறுத்திவிடவேண்டும். பின்னிருக்கையில் பிரசவ வேதனையோடு ஒரு தாய் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. பெட்டிகளை இறக்கிவைத்து, கூட வந்தவரையும் இறக்கி, மறுபடி தளத்தின் நுனிக்கே போய் ஓடவேண்டியதுதான்.