குஞ்சுக்குத் தோலில் சோறு

தட்டுபோல் வட்டமான டிஸ்கஸ் மீன், குஞ்சுகளுக்கான உணவைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது. அமேசான் ஆற்றுப் படுகைதான் இதன் சொந்த ஊர். சண்டைக்குப் பெயர்போன சிக்லிட் குடும்பத்தில் பிறந்தும் இது சாது. ஜோடி சேர்ந்ததும், தொட்டியில் நிமிர்த்தி வைத்த மண்குழாயை வாயாலேயே சுத்தம் செய்து, அதில் வரிசையாக முட்டைகளை ஒட்டவைக்கும். சுமார் மூன்று நாளில் பொரியும். மேலும் மூன்று நாள் போனால் குஞ்சுகள் நீந்தத் தொடங்கி, நேரே பெற்றோரின் விலாவில் போய் மொய்த்துக்கொள்ளும். தோலில் சுரக்கும் கோழைதான் அவற்றுக்கு ஆகாரம். தாய் களைத்துவிட்டால் உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பும். கூட்டம் அப்படியே தந்தையிடம் தாவும். பார்க்கக் கண் கோடி வேண்டும்!

வளர்க்க நினைப்பவர்கள், தொட்டித் தண்ணீரை 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பில் வையுங்கள். ஐந்தாறு இளம் மீன்களாகச் சேர்த்து வாங்குங்கள்; ஜோடியை அவையே தேடிக்கொள்ளும். முதல் ஈட்டு முட்டைகளைத் தின்றுவிட்டால் மனம் தளர வேண்டாம், ஜோடியைப் பிரிக்கவும் வேண்டாம். இரண்டு மூன்று ஈட்டுக்குப் பிறகுதான் பல ஜோடிகளுக்குப் பிள்ளை வளர்ப்பு பிடிபடுகிறது. குஞ்சுகளை இரண்டு வாரமாவது பெற்றோரோடு விட்டுவையுங்கள், நேயர்களே.