குப்பை அள்ளிய குஸ்தி வாத்தியார்

குஸ்தி என்றதும் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு ஞாபகம் வருவது கிங்காங்கும் தாராசிங்கும்தான். அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன பிள்ளைகளும் உண்டு! இன்று வேறொரு பயில்வானைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் கார்ல் காட்ச்.

1924இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகப் பட்டணத்தில் பிறந்தவர். சொந்தப் பெயர் கரேல் இஸ்டாஸ். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் தம் நாட்டுக்காக மல்யுத்தம் செய்தார். பதக்கம் கிடைக்கவில்லை. பிறகு இங்கிலாந்தில் விகன் என்ற ஊருக்குப் போனார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஊர் அது. அங்கே பில்லி ரைலி என்பவர் நடத்திய பயிற்சிக்கூடத்துக்குப் 'பாம்புக் குழி' என்று பட்டப் பெயர். ஒலிம்பிக் வரை போய்வந்த ஆளை அந்தக் கூடத்துக்காரர்கள் வந்த வேகத்திலேயே மடக்கிப் போட்டுவிட்டார்கள். வேறொருவராக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார். இவரோ அங்கேயே கிடந்து, கை கால் மூட்டைப் பிடித்து எதிராளியைப் 'போதும்'னு சொல்ல வைக்கிற வித்தையைக் கற்றுக்கொண்டார்.

1959இல் அமெரிக்கா போனார். ஒஹாயோ பக்கத்தில் 1962 முதல் 1964 வரை ஓர் உலகப் பட்டமும் அவர் கையில் இருந்தது. ஆனால் அங்கே தொழில்முறைக் குஸ்தியில் வித்தையைவிட வேடிக்கைக்குத்தான் காசு. யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துவிடுவார்கள். வாய்ச்சவடால் அடிக்க இவருக்கு வராது. கடைசியில் ஹவாய் தீவில் குப்பை அள்ளும் வேலைக்குப் போனார். இதிலே கேவலம் ஒன்றுமில்லை, உழைத்த காசு.

இப்போது நம்மவர்களுக்கு நெருக்கமான சங்கதிக்கு வருவோம். அந்தோனியோ இனோக்கி என்ற ஜப்பானியப் பையன், 1957இல் 14 வயதில் குடும்பத்தோடு பிரேசிலுக்குக் கப்பலேறினான். அங்கே காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. ஆமாம், தோட்டத் தொழிலாளிதான்! 1960இல் ரிக்கிடோசான் என்ற பெரிய பயில்வான் அவனைப் பார்த்து ஜப்பானுக்கு அழைத்துப் போனார். அந்த இனோக்கிக்குப் பிடி சொல்லிக் கொடுத்த வாத்தியார்தான் காட்ச்.

1972 மார்ச் 6ஆம் நாள் இனோக்கி தமது சொந்தக் குஸ்தி நிறுவனத்தின் முதல் நிகழ்ச்சியைத் தோக்கியோவில் நடத்தினார். முதல் நாள் முக்கியப் போட்டி யாரோடு தெரியுமா? வாத்தியாரோடுதான். சீடருக்கு 29 வயது, குருவுக்கு 47. ஜெயித்தது குரு.

கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் 1975இல் ஜோ பக்னரோடு குத்துச்சண்டை போட்டாரே முகமது அலி, அவரும் 1976 ஜூன் 26இல் தோக்கியோவில் இனோக்கியோடு மோதினார். பதினைந்து சுற்று முடிந்தும் வெற்றி தோல்வி இல்லை. அன்று இனோக்கியின் பக்கம் நின்றவர்களில் காட்சும் ஒருவர்.

அவருடைய பயிற்சிக்குப் பெரிய சாதனம் எதுவும் வேண்டாம். நம் நாட்டுப் பயில்வான்களின் தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும்தான். அதோடு ஒரு சீட்டுக்கட்டு. கலைத்துப் போட்டு ஒவ்வொன்றாய் எடுக்க வேண்டும். கறுப்பு வந்தால் பஸ்கி, சிவப்பு வந்தால் தண்டால். சீட்டில் எத்தனையோ அத்தனை. கட்டு முழுவதும் தீரும் வரை நிறுத்தக் கூடாது. (நம்ம லயத்துச் சீட்டுக்கட்டு எதுக்குப் பயன்படுதுன்னு நான் சொல்லணுமா?) மூச்சு வாங்கிவிட்டால் எந்தப் பிடியும் பலிக்காது என்பது அவர் பாடம்.

புஜினாமி, புஜிவாரா, சயாமா, மாயேடா என்று அவரிடம் பயின்றவர்கள் பலர். புனாக்கியும் சுசுக்கியும் 1993இல், முன்பேச்சு இல்லாத நிஜச் சண்டைக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கியபோது 'பன்கிரேஸ்' என்று பெயர் எடுத்துக் கொடுத்தவரும் இவரே. அமெரிக்காவில் கூட்டம் சேர்க்கத் தெரியாதவர் என்று ஒதுக்கப்பட்டவரை ஜப்பானில் 'குஸ்தியின் கடவுள்' என்றார்கள்.

2007 ஜூலை 28இல், 82 வயதில், அமெரிக்காவின் தாம்பா நகரில் காலமானார். பத்து வருஷம் கழித்து, 2017இல், அவருடைய அஸ்தியைத் தோக்கியோவுக்குக் கொண்டுவந்து அங்கே கல்லறை எழுப்பினார்கள். காப்பித் தோட்டத்துப் பையனான இனோக்கியும் அங்கே வந்திருந்தார். அப்போது அவருக்கு வயது 74.