பீங்கானுக்குள் பூத்த பூ

எங்கள் வீட்டு சோகேஸில் ஒரு சாண் உயரமான பூச்சாடி ஒன்று இருந்தது. மாமா கட்டாரில் வேலை செய்த காலத்தில், விடுமுறைக்கு வரும்போது உடுப்புகளுக்கு நடுவே சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்தது. வெளிறிய தேன் நிறம். அந்தத் தேனுக்குள்ளே நீல நிறத்தில் விசிறி விசிறியாக, சில இடங்களில் முழு வட்டமாகப் பூக்கள். யாரோ மெல்லிய தூரிகையால் வரைந்தது என்றுதான் சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன்.

சென்ற நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் வீடு துப்புரவாக்கும்போது அது என் கையிலிருந்து நழுவியது. மாமா மௌத்தாகி நான்கு வருடமாகிறது. உம்மா ஏசவில்லை, ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். துண்டுகளைப் பொறுக்கி ஒரு பழைய பால்மா டின்னில் போட்டு மூடி வைத்தார். மூன்று நாள் கழித்துத்தான் கேட்டார்: "இதே மாதிரி இன்னொண்டு எங்கயாவது எடுக்கலாமா மகள்?"

அந்தக் கேள்விக்கு விடை தேடப் போனதில் நான் அறிந்துகொண்டவையே இக்கட்டுரை.

முதலில் உடைந்த துண்டையே பார்த்தேன். உடைந்த விளிம்பில் இரண்டு படைகள் தெரிந்தன. நடுவில் சுண்ணாம்பு போல வெள்ளையான களி. அதன்மேல் நகத்தின் தடிப்பளவுகூட இல்லாத ஒரு கண்ணாடிப் பூச்சு. பூக்கள் களியிலும் இல்லை, பூச்சின் மேலும் இல்லை. பூச்சுக்கு உள்ளேயே கிடந்தன. வெளியே தடவினால் விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. தூரிகையால் இப்படி வரைய முடியாது. அவை சூளையின் நெருப்புக்குள் தாமாக வளர்ந்த பளிங்குகள்.

நம் ஊரில் சோறு சாப்பிடும் தட்டையே "பீங்கான்" என்கிறோம். அது பாரசீகத்திலிருந்து நம் மொழிக்கு வந்த சொல். மலாய்க்காரர்களும் தட்டைப் "பிங்கான்" என்றே சொல்கிறார்கள். ஆனால் பீங்கான் என்பது தட்டின் பெயராவதற்கு முன் ஒரு பொருளின் பெயர். கயோலின் எனப்படும் வெண்களி ஏறத்தாழ பாதி, பெல்ட்ஸ்பாரும் படிகக்கல்லும் மீதிப் பாதி. இவற்றை மாவாக்கிக் கலந்து, வடிவம் கொடுத்து, 1,250 பாகை செல்சியசுக்கு மேல் சுட்டால் களி இறுகி, நீர் ஊறாத வெண்மையான பொருளாகிறது. நாம் தண்ணீர் குளிர வைக்கும் மண்பானை இந்த அளவு வெப்பத்தைக் காண்பதில்லை. அதனால்தான் பானை கசிகிறது, பீங்கான் கசிவதில்லை.

இந்த மூன்று பொருளும் இலங்கையிலேயே உண்டு. கயோலின் பொரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் காணப்படுகிறது. பெல்ட்ஸ்பார் மாத்தளை மாவட்டத்திலிருந்து வருகிறது. அதே மாத்தளையில்தான் 1972 இல் ஜப்பானின் நொரிட்டாக்கே நிறுவனம் இலங்கையுடன் சேர்ந்து பீங்கான் தொழிற்சாலையைத் தொடங்கியது. அங்கிருந்து போகும் கோப்பைகள் உலகின் பல நாடுகளில் மேசைகளில் இருக்கின்றன. ஆனால் அத்தகைய தொழிற்சாலைகளின் வேலை ஆயிரம் தட்டையும் ஒன்றுபோலச் செய்வது. எங்கள் பூச்சாடி அதற்கு நேர் எதிரான வேலை.

பீங்கானின் மேலுள்ள பளபளப்பான பூச்சு உண்மையில் கண்ணாடிதான். சிலிக்காவோடு, அதை உருகச் செய்யும் சோடியம், கல்சியம் போன்றவற்றின் சேர்வைகளைக் கலந்து, நீரில் கரைத்துப் பூசி, சூளையில் வைக்கிறார்கள். சூட்டில் அது பாணி போல உருகிப் பரவுகிறது; ஆறும்போது அப்படியே உறைகிறது. பாணியில் அணுக்கள் எப்படி ஒழுங்கின்றிக் கிடந்தனவோ அதே ஒழுங்கின்மையோடு உறைவதால்தான் அது கண்ணாடி. அணுக்களுக்கு வரிசையில் நிற்க நேரம் கிடைத்திருந்தால் அது பளிங்காகியிருக்கும்.

நேரம் என்ற இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள ஆய்வுகூடம்கூடத் தேவையில்லை. கற்கண்டை உடைத்துப் பாருங்கள், நடுவில் நூல் இருக்கும். சீனிப்பாகை அசைக்காமல் பல நாள் வைத்தால் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு பெரிய பெரிய கட்டிகளாகப் பளிங்கு வளர்கிறது. அதே பாகைக் காய்ச்சி உடனே குளிர வைத்துவிட்டால் கிடைப்பது கண்ணாடி போன்ற டொபி. இரண்டும் சீனிதான். உயர்தர வகுப்பில் நாங்கள் செப்புச் சல்பேற்றுப் பளிங்கு வளர்த்தபோதும் இதே கதைதான். அவசரப்பட்டுக் குழாய் நீரில் பிடித்துக் குளிர வைத்த என் முகவையில் நீலத் தூள்தான் அடியில் கிடந்தது. மேசை மூலையில் மறந்துபோய் வைத்திருந்த தோழியின் முகவையில் விரல் நுனியளவு பளிங்கு.

சூளைக்குள்ளே பூச்சைப் பூக்க வைப்பவர்கள் செய்வதும் இதைத்தான். ஆனால் அவர்களுடைய பாகின் வெப்பநிலை ஆயிரம் பாகைக்கு மேல்.

சாதாரண பூச்சில் அலுமினா கணிசமாக இருக்கும். அது உருகிய பூச்சைத் தடிப்பாக்கி, பாத்திரத்திலிருந்து வழியாமல் பிடித்து வைக்கிறது. அணுக்கள் நகர்ந்து வரிசை கட்டுவதையும் அதுவே தடுக்கிறது. ஆகவே பளிங்கு வேண்டுமென்றால் அலுமினாவை ஏறக்குறைய முழுதாகவே விட்டுவிட வேண்டும். அதற்குப் பதிலாக நாக ஒட்சைட்டு நிறையச் சேர்க்கிறார்கள். பலர் கையாளும் அளவு இது: முன்பே உருக்கித் தூளாக்கிய சோடியக் கண்ணாடி பாதி, நாக ஒட்சைட்டு கால் பங்கு, மீதி பெரும்பாலும் சிலிக்கா, அதோடு சிறிதளவு தைத்தானியம் ஈரொட்சைட்டு. உருகலில் நாகமும் சிலிக்காவும் சேர்ந்து நாக சிலிக்கேற்றுப் பளிங்காகின்றன. இயற்கையிலும் இது ஒரு கனியம். நெதர்லாந்து மன்னர் முதலாம் வில்லியமின் பெயரால் வில்லமைற்று என்று அழைக்கப்படுகிறது.

இனிச் சூளை. முதலில் 1,260 இலிருந்து 1,300 பாகை வரை ஏற்றுகிறார்கள். அந்த உச்சத்தில் பூச்சு முழுவதும் உருகி, அதிலுள்ள பளிங்குக் கருக்களில் பெரும்பாலானவை கரைந்துபோகின்றன. சில மட்டும் மிஞ்சும். அந்தச் சிலவே நாளைய பூக்கள். உச்சத்தில் ஐந்து நிமிடம் கூடினால் எல்லாக் கருவும் கரைந்து வெறும் கண்ணாடி வரும். குறைந்தால் கருக்கள் அளவுக்கு மீறி மிஞ்சி, ஒன்றையொன்று நெருக்கி, கண்ணாடி யன்னலில் படிந்த புழுதி போலாகும். பிறகு வேகமாக 1,100 பாகைக்கும் கீழாக இறக்கி, அந்த இடத்தில் மூன்று, நான்கு, சில வேளை ஐந்து மணித்தியாலம் அசையாமல் பிடித்து வைக்கிறார்கள். சூளை மூடியிருக்கிறது, வெளியே எதுவும் தெரிவதில்லை. உள்ளே ஒவ்வொரு கருவிலிருந்தும் ஊசிபோன்ற இழைகள் நாலாபுறமும் நீண்டு விசிறியாகின்றன.

எந்த வெப்பநிலையில் பிடித்து வைக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பூவின் வடிவமே மாறுகிறது. சற்று உயரத்தில் பிடித்தால் கோலும் ஈட்டியுமாக வரும். கீழே வரவர இதழ் விரிந்து வட்டப் பூவாகும். இடையில் வெப்பநிலையைச் சிறிது ஏற்றி இறக்கினால் பூவுக்குள் வளையங்கள் விழும், மரத்தின் ஆண்டு வளையம் போல. என் கையிலிருந்த துண்டில் ஒரு முழுப்பூ இருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தபோது அதில் மூன்று வளையம். எங்கோ ஒரு சூளைக்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் மூன்று முறை வெப்பத்தை மாற்றியிருக்கிறார்.

நிறத்தைத் தருபவை உலோக ஒட்சைட்டுகள். கோபால்ற்று சேர்த்தால் அது பளிங்குக்குள் விரும்பிப் புகுந்து நீலமாக்கும். செப்பு பச்சை தரும். நிக்கல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே நிக்கல் ஒட்சைட்டு, பளிங்குக்குள் போன பங்கு நீலமாகவும் கண்ணாடியில் தங்கிய பங்கு தேன் நிறமாகவும் தெரியும். எங்கள் பூச்சாடிக்கு இரண்டு சாயம் பூசியிருப்பார்கள் என்று நினைத்தேனே, அது ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

அலுமினா இல்லாததன் விலையைச் சொல்லாமல் விட்டேன். பூச்சு வழிகிறது. நிலைக்குத்தான சுவரில் தண்ணீராய் இறங்கி அடியில் தேங்கி, பாத்திரத்தைச் சூளைத் தட்டோடு ஒட்டி வைத்துவிடும். எனவே ஒவ்வொரு சாடிக்கும் அளவாக ஒரு களி வளையம் செய்து அதன்மேல் நிறுத்தி, வழிவதை ஏந்த அடியில் ஒரு சின்னத் தட்டும் வைக்கிறார்கள். சுட்ட பிறகு வளையத்தைத் தட்டிப் பிரித்து, கூரான அடியைத் தீட்டுக்கல்லில் தேய்க்க வேண்டும். இந்தக் கடைசி வேலையில் பிளந்துபோகும் சாடிகளும் உண்டு. பூக்க விடுவதும் வழிய விடுவதும் ஒரே குணம் என்பதால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வழியில்லை.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துவிடுகிறேன். இப்பூச்சு புளி, தேசிக்காய், வினாகிரிக்கு நன்றாகத் தாக்குப்பிடிப்பதில்லை. ஆகவே இவை அழகுக்கு வைக்கும் பொருட்கள். கறிக்கோப்பையாக ஆசைப்பட வேண்டாம். தூளாகக் கையாளும்போது சிலிக்காத் தூசி சுவாசப்பைக்கு ஆபத்தானது, முகக்கவசம் கட்டாயம்.

முதன்முதலில் பீங்கான் பூச்சில் இப்படிப் பளிங்கு தோன்றியபோது அதைப் பழுது என்றே எண்ணினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் செவ்ர் தொழிற்சாலையிலும் டென்மார்க்கின் கோப்பன்ஹேகனிலும் இரசாயனவியலாளர்கள் அந்தப் பழுதை வேண்டுமென்றே வரவழைக்கக் கற்றார்கள். 1900 ஆம் ஆண்டு பரிஸ் கண்காட்சியில் இரு நாட்டுச் சாடிகளும் வைக்கப்பட்டன. அதைத் தொடர்ந்து அமெரிக்காவின் சிரக்கியூஸ் நகரில் அடலெயிட் அல்சொப் ரொபினோ என்ற பெண் தன் வீட்டுப் பட்டறையில் பீங்கானும் பளிங்குப் பூச்சும் செய்யத் தொடங்கினார். முதலில் பிறர் செய்த பீங்கானில் படம் வரைபவராக இருந்தவர் அவர். பிறகு களி பிசைவதிலிருந்து சூளை வரை அனைத்தையும் தானே கற்றுக்கொண்டார். 1910 இல் ஆயிரம் மணித்தியாலத்துக்கு மேல் செதுக்கிய ஒரு சாடி (இது பளிங்குப் பூச்சல்ல, செதுக்கு வேலை) சூளையிலிருந்து வெடிப்புகளோடு வந்தது. அவர் அதை எறியவில்லை. பீங்கானை அரைத்துப் பசையாக்கி வெடிப்புகளை அடைத்து மீண்டும் சுட்டார். அச்சாடி இன்று சிரக்கியூசில் எவர்சன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதை வாசித்த இரவு, பால்மா டின்னை எடுத்துத் துண்டுகளை மேசையில் பரப்பிப் பார்த்தேன். நாற்பத்தொரு துண்டு. பசையால் ஒட்ட முடியாத அளவுக்குச் சிலது மாவாகியிருந்தன.

நம் கடற்கரைக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. பூச்சில் சிறிதளவு சேர்க்கும் தைத்தானியம் ஈரொட்சைட்டு பளிங்குக் கரு உருவாக உதவுகிறது. அதன் இயற்கை வடிவம் ரூட்டைல். அது இதே கிழக்குக் கரையின் வடக்கே, புல்மோட்டையின் கறுத்த மணலில் இல்மனைற்று, சேர்க்கோனோடு கலந்து கிடக்கிறது. இரசாயனவியல் பாடத்தில் பரீட்சைக்காக மனனம் செய்த பெயர் அது. மாமாவின் சாடிக்குள் பூ முளைத்ததும் அத்தகைய ஒரு மணற்துகளால் என்று எண்ணும்போது பாடம் வேறுமாதிரித் தெரிகிறது.

களி நாட்டில் இருக்கிறது, படிகக்கல் இருக்கிறது, ரூட்டைலும் இருக்கிறது. வேண்டியது 1,300 பாகையைத் தாங்கி, சொன்ன வெப்பநிலையில் மணிக்கணக்காக நிற்கும் ஒரு சிறிய மின்சூளை. இதை வாப்பாவிடம் சொன்னேன். அவர் உடனே கணக்குப் போட்டார்: 6 கிலோவாற்றுச் சூளை 10 மணித்தியாலம் முழுமையாக எரிந்தால் 60 அலகு, அதுவும் ஒரு தடவைக்கு. "கரண்ட் பில்லையும் நீதான் கட்டோணும்" என்றார். ஆனால் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொருள் விஞ்ஞானமும் பொறியியலும் படிக்கலாம் என்று நான் சொன்னபோது மறுக்கவில்லை. எத்தனை புள்ளி வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

உம்மாவுக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது. அதே நிறத்தில், அதே அளவில் ஒரு சாடி தேடினால் கிடைக்கலாம். ஆனால் எந்தக் கரு கரையாமல் மிஞ்சும், அது சுவரின் எந்த இடத்தில் ஒட்டும் என்பதை யாரும் தீர்மானிக்க முடியாது. ஒரே சூளையின் மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் சில பாகை வித்தியாசம் இருந்தாலே பூக்கள் வேறாகும். அதைச் செய்தவரே மீண்டும் அமர்ந்தாலும் மாமா கொண்டுவந்த சாடி வராது. இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்து, கடைசியில் உள்ளபடியே சொன்னேன்.

உம்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு டின்னைத் திறந்து, மூன்று வளையமுள்ள அந்த முழுப்பூத் துண்டைத் தேடி எடுத்து வாப்பாவிடம் கொடுத்தார். வாப்பா கத்தி தீட்டும் கல்லில் தண்ணீர் விட்டு, அதன் விளிம்பைக் கை வெட்டாத அளவுக்குத் தேய்த்துக் கொடுத்தார். சாடி இருந்த இடத்தில் இப்போது அது இருக்கிறது.