சட்டை மாற்றி வந்த காலரா

1993 ஏப்ரல் மாதம். லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டில் அம்மாவுக்கு விடியற்காலை நாலு மணிக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. ஆறு மணிக்குள் பத்துத் தடவை. போனது அரிசி களைந்த கழுநீர் போல இருந்தது. வாந்தியும் சேர்ந்துகொண்டது. கண்கள் உள்ளே போய், குரல் கம்மி, விரல் நுனிகள் சுருங்கிவிட்டன. "டேய், இது வாந்திபேதிடா. எங்க அக்காவைக் கொண்டுபோனது இதுதான். நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கேன்" என்றாள். அம்மா திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள்.

அருகிலிருந்த ஒரு நர்ஸிங் ஹோமில் சேர்த்தோம். இரண்டு கைகளிலும் சலைன் ஏறியது. மறுநாள் மாலை ரிப்போர்ட் வந்தது: காலரா கிருமி இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டரிடம் அதை நீட்டி, "காலரா இல்லையாமே, சலைனை எடுத்துவிடலாமா?" என்று கேட்டேன். வயதான வங்காளி டாக்டர் அவர். காகிதத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது இருக்கட்டும். உங்கள் அம்மாவின் நாடி என்ன சொல்கிறது? சலைன் ஓடட்டும்" என்றார். அம்மா பிழைத்தாள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் வேலை செய்த பெண், ரயில் பாதையோரக் குடிசையில் இருந்தவள், "மாஷிமாவுக்குக் காலராவா தாதாபாபு?" என்று கேட்டாள். "இல்லை, ரிப்போர்ட் வந்துவிட்டது, பயப்படாதே" என்றேன். நாலு நாள் கழித்து அவள் கணவன் பேலியாகாட்டா தொற்றுநோய் மருத்துவமனையில் கிடந்தான். அவனும் பிழைத்தான். நோய் எங்கிருந்து அவனுக்கு வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் "தண்ணீரைக் காய்ச்சிக் குடி" என்று சொல்லியிருக்க வேண்டியவன் "பயப்படாதே" என்று சொல்லிவிட்டேன். அது இன்றும் என் மனதில் கிடக்கிறது.

அந்த ரிப்போர்ட் ஏன் அப்படி வந்தது என்பதைப் பின்னாளில் படித்தும், உயிரித் தொழில்நுட்பம் படித்த என் மகளைக் கேட்டும் தெரிந்துகொண்டேன். நம் ஊரில் படித்து, நாம் வாழும் இந்த நகரத்தில் உழைத்த விஞ்ஞானிகளின் கதை அதில் அடங்கியிருப்பதால் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சோதனை கேட்ட கேள்வி

காலராவை உண்டாக்குவது விப்ரியோ காலரே என்ற நுண்கிருமி. 1884 இல் ஜெர்மானியரான ராபர்ட் கோக் இதே கல்கத்தாவுக்கு வந்துதான் தம் ஆராய்ச்சியை முடித்தார். இந்தக் கிருமியில் பல வகைகள் உண்டு. மேலே போர்த்தியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளாலான உறையை வைத்து அவற்றை ஓ-1, ஓ-2 என்று எண்ணிட்டுப் பிரிப்பார்கள். 1992 வரை 138 வகைகள் தெரிந்திருந்தன. கொள்ளைநோயாகப் பரவக்கூடியது ஓ-1 ஒன்றுதான் என்பது அதுவரை எல்லோரும் நம்பிய பாடம்.

ஆகவே பரிசோதனைச்சாலையில் கிருமியை வளர்த்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, ஓ-1 க்கான ஆன்டிசீரம் ஒரு சொட்டு விடுவார்கள். ஓ-1 ஆக இருந்தால் திப்பிதிப்பியாகத் திரளும். திரளாவிட்டால் "காலரா அல்ல". கேட்ட கேள்வி "நீ ஓ-1 சட்டை போட்டிருக்கிறாயா?" என்பதுதான். அம்மாவின் குடலில் இருந்த கிருமி "இல்லை" என்று உண்மையைத்தான் சொன்னது. வாசற்காவலன் சட்டையின் நிறத்தை மட்டும் பார்த்துத் திருடனை உள்ளே விட்ட கதைதான்.

சென்னையில் தொடங்கியது

1992 இன் கடைசி மாதங்களில் சென்னை, மதுரை, வேலூர் ஆகிய ஊர்களில் காலராவைப் போலவே ஒரு நோய் பரவியது. கிருமி விப்ரியோ காலரேதான். ஆனால் ஓ-1 ஆன்டிசீரத்தில் திரளவில்லை. சில வாரங்களில் அது கல்கத்தாவுக்கும், பிறகு வங்காள தேசத்துக்கும் வந்தது. குழந்தைகளைவிடப் பெரியவர்களே அதிகமாகப் படுத்தார்கள். பழைய காலராவுக்கு உடம்பில் இருந்த எதிர்ப்புச் சக்தி இதனிடம் செல்லவில்லை.

பேலியாகாட்டா மருத்துவமனையை ஒட்டி, காலராவுக்கும் குடல்நோய்களுக்கும் ஒரு தேசிய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1962 இல் காலரா ஆராய்ச்சி மையமாகத் தொடங்கியது. அங்கே நுண்ணுயிரியல் பிரிவில் இருந்தவர் டாக்டர் ஜி. பாலகிருஷ் நாயர். அவரும் டாக்டர் டி. ராமமூர்த்தியும் மற்றவர்களும், "ஓ-1 இல்லை" என்று ஒதுக்கப்படும் மாதிரிகள் ஏன் இப்படிப் பெருகுகின்றன என்று பார்த்தார்கள். ஜப்பானிய விஞ்ஞானிகள் துணை செய்தார்கள். தெரிந்த 138 சட்டைகளில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. புதிய எண் கொடுக்க வேண்டியதாயிற்று: ஓ-139. 1993 மார்ச்சில் ராமமூர்த்தியை முதல் ஆசிரியராகக் கொண்டு லான்செட் பத்திரிகையில் வெளிவந்த அறிக்கை, தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் தோன்றிய புதிய கிருமி என்றே அதைக் குறிப்பிட்டது. அடுத்த மாதம் அம்மா படுத்தபோது, அதற்கான ஆன்டிசீரம் சாதாரணப் பரிசோதனைச்சாலைகளை எட்டியிருக்கவில்லை. எங்கள் ரிப்போர்ட்டில் எழுதியவர் மேல் தவறில்லை.

பரங்கிப்பேட்டையிலிருந்து

பாலகிருஷ் நாயரின் ஆராய்ச்சி தொடங்கியது ஆஸ்பத்திரியில் அல்ல, வெள்ளாற்று முகத்துவாரத்தில். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தில், மீன்களில் இருக்கும் விப்ரியோ வகைக் கிருமிகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். 1980களின் தொடக்கத்தில் கல்கத்தா வந்தார். மீனையும் உப்புநீரையும் பார்த்துப் பழகியவருக்கு, இந்தக் கிருமிகள் மனிதக் குடலில் மட்டும் வாழ்பவை அல்ல, நீர்நிலைகளில் ஒன்றோடொன்று மரபணுக்களைக் கொடுத்து வாங்குபவை என்பது புதிதல்ல.

ஓ-139 இல் நடந்தது அதுதான். பழைய எல்டார் வகைக் கிருமி, ஓ-1 சட்டையைத் தைக்கும் மரபணுத் தொகுதியை இழந்து, அந்த இடத்தில் வேறொரு தொகுதியைப் பெற்றுக்கொண்டது. உள்ளே இருந்த நச்சு மரபணு அப்படியே இருந்தது.

அந்த நச்சைக் காட்டியவரும் கல்கத்தாக்காரரே. 1959 இல் டாக்டர் சம்புநாத் தே, கிருமியை முழுக்க வடிகட்டி நீக்கிய திரவமே முயலின் குடலில் நீரைப் பெருகவைக்கிறது என்று நிரூபித்தார். கொல்வது கிருமி விடும் நச்சு. அது குடற்சுவரின் செல்களில் ஒட்டி, உப்பையும் நீரையும் வெளியே தள்ளவைக்கிறது. சட்டை எதுவானாலும் இந்த நச்சு இருந்தால் ஆபத்து.

மரபணுவிடமே கேட்பது

அப்படியானால் சோதனையும் நச்சு மரபணுவைத்தான் தேட வேண்டும். அதற்கு வழி காட்டியது பி.சி.ஆர். கொரோனா காலத்தில் நம் எல்லோருக்கும் பழக்கமான சொல். 1983 இல் அமெரிக்கரான கேரி முல்லிஸுக்குத் தோன்றிய யோசனை. பத்து ஆண்டுகளுக்குப் பின் அவருக்கு நோபல் பரிசு தந்தது.

மாதிரியைச் சூடாக்கினால் டி.என்.ஏ.யின் இரட்டை இழை பிரியும். ஆறவைத்தால், நாம் தேடும் மரபணுவின் இரு முனைகளில் மட்டும் பொருந்துமாறு செய்த சிறு துண்டுகள் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒரு நொதி இடைப்பட்ட பகுதியை நிரப்பும். ஒன்று இரண்டாகும், அடுத்த சுற்றில் நான்கு. சதுரங்கக் கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாக அரிசி கேட்ட கதைதான். கணக்குப்படி 30 சுற்றில் ஒரு பிரதி 100 கோடியைத் தாண்டும். தேடிய மரபணு இல்லாவிட்டால் எதுவும் பெருகாது.

1998 இல் நாயர் குழுவினரும் ஜப்பானியர்களும் சேர்ந்து ஒரே குழாயில் மூன்று கேள்விகள் கேட்கும் பி.சி.ஆர். சோதனையை வெளியிட்டார்கள். ஓ-1 சட்டையா? ஓ-139 சட்டையா? நச்சு மரபணு உண்டா? 1993 இல் இது இருந்திருந்தால் எங்கள் ரிப்போர்ட் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அதே 1998 இல் நாயருக்குப் பட்நாகர் விருது கிடைத்தது. பின்னர் டாக்காவில் பணியாற்றியபோது, எல்டார் உடலில் பழைய கிளாசிக்கல் காலராவின் குணங்கள் கலந்த கிருமிகளை அவரும் சக ஆராய்ச்சியாளர்களும் 2002 இல் விவரித்தார்கள். 2007 இல் கல்கத்தா நிறுவனத்துக்கே இயக்குநராகத் திரும்பினார். இடையில் பரங்கிப்பேட்டைப் பழைய நண்பனும் வந்து சேர்ந்தது: மீன் வழியாக வரும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் கிருமியின் புதிய வகை ஒன்று 1996 இல் கல்கத்தா நோயாளிகளிடம் பெருகியதை இவர்கள் கண்டார்கள். பிறகு அது பல நாடுகளில் தலைகாட்டியது.

ஓ-139 நீடிக்கவில்லை. 1994 இலேயே கல்கத்தாவில் ஓ-1 மறுபடி மேலோங்கியது. ஆனால் கிருமி சட்டை மாற்றும் என்ற பாடம் நின்றுவிட்டது.

நமக்கு என்ன?

சோதனை வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊரில் எந்தக் கிருமி உலவுகிறது, எந்த மருந்துக்கு மசியும், எந்தக் குழாயை அடைக்க வேண்டும் என்று சொல்வது சோதனைதான். ஆகவே டாக்டர் கேட்டால் மாதிரியைக் கொடுங்கள்; முடிந்தால் ஆன்டிபயாட்டிக் தருவதற்கு முன்பே. ஆனால் சிகிச்சை அதற்காகக் காத்திருக்கக் கூடாது. கழுநீர்போலப் போக ஆரம்பித்த உடனே, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றைக் கரைத்துக் கொடுக்கத் தொடங்கி, ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். பாக்கெட் இல்லையென்றால் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. கண் குழிந்து, சிறுநீர் நின்று, குடித்ததெல்லாம் வாந்தியானால் சலைன் தேவை. ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

ரிப்போர்ட்டில் "இல்லை" என்று வந்தால், எது இல்லை என்று கேளுங்கள். அதோடு, பாத்திரம் தேய்க்க வருபவர்களிடமும் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்கள். நம் வீட்டுக் குழாயும் அவர்கள் தெருக் குழாயும் ஒரே நகரத்துத் தண்ணீர்தான்.

அம்மா அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டுகள் இருந்தாள். அந்த ரிப்போர்ட் பற்றிப் பேச்சு வந்தாலே, "நான் அப்பவே சொன்னேனே, யார் கேட்டா?" என்பாள்.