எக்ஸ்-பிளேன் சீனரி ஆட்-ஆன்கள்: எது மேலே, எது கீழே?

பிளைட் சிமுலேட்டர் இன்ஸ்டால் செய்தவர்கள் முதல் சில நாட்கள் விமானத்தைக் கிளப்புவதிலும் இறக்குவதிலுமே மூழ்கி இருப்பார்கள். கை பழகிய பிறகுதான் பார்வை ஜன்னலுக்கு வெளியே போகும். "நம்ம ஊர் ஏர்போர்ட் இப்படியா இருக்கும்?" என்ற கேள்வி எழும். உடனே இன்டர்நெட்டில் தேடி, சீனரி ஆட்-ஆன்களை டவுன்லோட் செய்யத் தொடங்குவார்கள்.

வம்பு இங்கேதான் ஆரம்பம். புதிதாகப் போட்ட ஏர்போர்ட்டில் ரன்வே மட்டும் இருக்கும், டெர்மினல் கட்டிடத்தைக் காணோம். அல்லது ரன்வேயின் நடுவில் வீடுகள் முளைத்திருக்கும். கிராபிக்ஸ் கார்டு சரியில்லை என்று சிலர் முடிவு செய்வார்கள். சிலர் மொத்த சிமுலேட்டரையும் நீக்கிவிட்டு, பல ஜிபி டேட்டாவை மறுபடியும் டவுன்லோட் செய்வார்கள். அப்படியும் அதே கோளாறு திரும்ப வரும். ஏனென்றால் பெரும்பாலும் கோளாறு கார்டிலும் இல்லை, ஆட்-ஆனிலும் இல்லை. அடுக்கிய வரிசையில் இருக்கிறது.

லாமினார் ரிசர்ச் நிறுவனம் 2022 டிசம்பரில் வெளியிட்ட எக்ஸ்-பிளேன் 12 சிமுலேட்டரை வைத்து இந்த வரிசையைப் பார்ப்போம். இதில் வரிசையை நாமே திறந்து பார்க்கலாம், மாற்றலாம்.

கட்டம் கட்டமாக ஒரு பூமி

எக்ஸ்-பிளேன் உலகம் முழுவதையும் ஒரு டிகிரி அட்சரேகை, ஒரு டிகிரி தீர்க்கரேகை அளவுள்ள கட்டங்களாக வெட்டி வைத்திருக்கிறது. இதை டைல் என்பார்கள். தெற்கு வடக்காக ஒரு டைல் சுமார் 111 கிலோமீட்டர் நீளம். ஒவ்வொரு டைலுக்கும் டிஎஸ்எப் என்ற வகை பைல் ஒன்று உண்டு. டைலின் தென்மேற்கு மூலை எந்த டிகிரியில் இருக்கிறதோ, அதுவே அந்த பைலின் பெயர்.

சென்னை விமான நிலையம் வடக்கு அட்சரேகை 12.99, கிழக்கு தீர்க்கரேகை 80.17 டிகிரியில் இருக்கிறது. எனவே அது +12+080 டைலில் வரும். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையமோ 13 டிகிரிக்கு மேலே, +13+080 டைலில் இருக்கிறது. சென்னைக்கு சாட்டிலைட் படம் போட நினைப்பவர் ஒரே ஒரு டைலை டவுன்லோட் செய்தால் பாதி நகரம்தான் கிடைக்கும். மேற்குத் தீர்க்கரேகைக்கும் தெற்கு அட்சரேகைக்கும் மைனஸ் குறி வரும். சான்பிரான்சிஸ்கோ விமான நிலையம் மேற்கே 122.38 டிகிரியில் இருப்பதால் அதன் டைல் +37-123.

நான்கு வகை சீனரி

டவுன்லோட் செய்யும் சீனரிகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம். இந்தப் பிரிவு புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

1. ஏர்போர்ட் சீனரி: ஒரு குறிப்பிட்ட விமான நிலையத்தின் ரன்வே, டாக்ஸிவே, டெர்மினல், விளக்குகள் ஆகியவை.

2. ஓவர்லே: ஒரு நாட்டுக்கோ பகுதிக்கோ உரிய கட்டிடங்கள், மரங்கள், பாலங்கள் போன்றவை. தரையைத் தொடாமல் அதன் மேல் பொருட்களை மட்டும் வைக்கும்.

3. லைப்ரரி: தானாக எதையும் காட்டாது. மற்ற சீனரிகள் எடுத்துப் பயன்படுத்தும் கட்டிடங்கள், வண்டிகள், வேலிகள் போன்றவற்றின் கிடங்கு இது. ஓப்பன்சீனரிஎக்ஸ் என்ற இலவச லைப்ரரி இதற்கு நல்ல உதாரணம்.

4. மெஷ், ஆர்த்தோ: மெஷ் என்பது மலை, பள்ளத்தாக்கு, கடற்கரை ஆகியவற்றின் வடிவம், அதாவது தரை. அந்தத் தரையின் மேல் சாட்டிலைட் அல்லது வான்வழிப் படத்தை விரித்தால் அது ஆர்த்தோ. ஆர்த்தோ4எக்ஸ்பி என்ற இலவச புரோகிராம் மூலம் இதை நாமே தயாரிக்கலாம்.

இன்ஸ்டால் செய்வது எப்படி?

பெரும்பாலான இலவச சீனரிகள் ஜிப் பைலாகக் கிடைக்கின்றன. அவற்றை இன்ஸ்டால் செய்வது என்றால் சரியான இடத்தில் காப்பி செய்வது, அவ்வளவுதான்.

முதலில் எக்ஸ்-பிளேன் இயங்கிக்கொண்டிருந்தால் மூடிவிடுங்கள். ஜிப் பைலைத் தனியாக ஒரு போல்டரில் விரித்துக்கொள்ளுங்கள். கிடைத்த சீனரி போல்டரை, எக்ஸ்-பிளேன் போல்டருக்குள் இருக்கும் 'கஸ்டம் சீனரி' என்ற போல்டருக்குள் காப்பி செய்யுங்கள். ஸ்டீம் மூலம் வாங்கியவர்கள் ஸ்டீம் லைப்ரரியில் எக்ஸ்-பிளேன் பெயர் மீது ரைட் கிளிக் செய்து, 'மேனேஜ்', பிறகு 'பிரவுஸ் லோக்கல் பைல்ஸ்' என்று போனால் அந்தப் போல்டர் திறக்கும். 'குளோபல் சீனரி' என்று இன்னொரு போல்டர் இருக்கும். அது சிமுலேட்டரின் சொந்தச் சொத்து, அதில் கை வைக்க வேண்டாம்.

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஜிப் பைலை விரிக்கும்போது பல நேரங்களில் ஒரு போல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு போல்டர் உருவாகிவிடும். எக்ஸ்-பிளேன் அவ்வளவு ஆழத்துக்குப் போய்ப் பார்க்காது. நீங்கள் காப்பி செய்த போல்டரைத் திறந்தவுடன் 'எர்த் நேவ் டேட்டா' என்ற போல்டர் கண்ணில் பட வேண்டும். லைப்ரரியாக இருந்தால் 'லைப்ரரி' என்ற டெக்ஸ்ட் பைல் தெரிய வேண்டும். இரண்டும் தெரியவில்லை என்றால் உள்ளே இருக்கும் போல்டரை வெளியே எடுத்து வையுங்கள்.

வரிசையைத் தீர்மானிக்கும் பைல்

இனி எக்ஸ்-பிளேனை ஒரு முறை திறந்து, விமானம் திரையில் வந்ததும் மூடுங்கள். கஸ்டம் சீனரி போல்டரில் 'சீனரி_பேக்ஸ்.ஐஎன்ஐ' என்ற பைலைப் பாருங்கள். நோட்பேடில் திறக்கக்கூடிய சாதாரண டெக்ஸ்ட் பைல்தான் இது. ஒரு வரிக்கு ஒரு சீனரி வீதம் எல்லாப் பெயர்களும் இருக்கும். மேலே இருக்கும் வரிக்கே முன்னுரிமை.

ஒரு டைலை லோட் செய்யும்போது எக்ஸ்-பிளேன் இந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. வழியில் வரும் ஓவர்லேக்களை எல்லாம் எடுத்துக்கொள்கிறது. அந்த டைலுக்குரிய தரை, அதாவது மெஷ், எந்த வரியில் முதலில் கிடைக்கிறதோ அங்கே நிறுத்திவிடுகிறது. ஒரு டைலுக்கு ஒரு தரைதான். அதற்குக் கீழே உள்ள வரிகளில் அந்த டைலுக்கு என்ன கட்டிடம் இருந்தாலும் கணக்கில் வராது.

வாழை இலையில் சாப்பாடு பரிமாறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இலைதான் தரை. சோறும் கறியும் அதன் மேல் வர வேண்டும். சோற்றைப் பரிமாறிவிட்டு அதன் மேல் இலையைப் போட்டு மூடினால் என்ன தெரியும்? ஆர்த்தோவை ஏர்போர்ட்டுக்கு மேல் வைத்தால் அதுதான் நடக்கிறது.

"நான் அப்படி வைக்கவே இல்லையே" என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் வைக்கவில்லை, எக்ஸ்-பிளேன் வைத்தது. புதிதாக ஒரு சீனரியைக் கண்டால் அதைப் பட்டியலின் மேலே சேர்ப்பது அதன் வழக்கம். புதிய ஏர்போர்ட் மேலே போனால் நல்லது. புதிய ஆர்த்தோ மேலே போனால், நேற்றுவரை சரியாக இருந்த ஏர்போர்ட்டின் கட்டிடங்கள் இன்று மறைந்துவிடும்.

சரியான வரிசை

மேலிருந்து கீழாக இப்படி இருக்கட்டும்:

1. நீங்கள் சேர்த்த ஏர்போர்ட்டுகள்
2. எக்ஸ்-பிளேனுடன் வரும் லேண்ட்மார்க்குகள்
3. குளோபல் ஏர்போர்ட்ஸ்
4. பகுதிவாரி ஓவர்லேக்கள்
5. லைப்ரரிகள்
6. ஆர்த்தோ
7. தனி மெஷ்

குளோபல் ஏர்போர்ட்ஸ் என்பது சிமுலேட்டருடன் வரும் விமான நிலையங்களின் தொகுப்பு. எக்ஸ்-பிளேன் 12ல் இதன் வரிக்கு இருபுறமும் நட்சத்திரக் குறி இருக்கும். லைப்ரரிகள் எங்கே இருந்தாலும் பெரும்பாலும் வேலை செய்யும். ஓர் ஒழுங்குக்காக ஒரே இடத்தில் சேர்த்து வைக்கிறோம்.

ஏர்போர்ட் ஏன் ஓவர்லேக்கு மேலே இருக்க வேண்டும்? ஏர்போர்ட் சீனரி செய்பவர்கள் எக்ஸ்க்ளூஷன் ஸோன் என்று ஓர் எல்லை போட்டு வைப்பார்கள். "இந்த எல்லைக்குள் வேறு யாரும் வீடோ மரமோ வைக்கக் கூடாது" என்று அர்த்தம். இந்த உத்தரவு தனக்குக் கீழே உள்ள சீனரிகளை மட்டுமே கட்டுப்படுத்தும். ஓவர்லே மேலே போய்விட்டால் அதைத் தடுக்க ஆளில்லை, ரன்வேயில் வீடு கட்டிவிடும்.

வரிசையை மாற்றும் முறை

எக்ஸ்-பிளேனை மூடிய பிறகே இந்த பைலைத் திறக்க வேண்டும். முதல் வேலையாக அதை வேறு ஒரு போல்டரில் காப்பி எடுத்து வையுங்கள். பிறகு நோட்பேடில் திறந்து, மாற்ற வேண்டிய முழு வரியையும் கட் செய்து சரியான இடத்தில் பேஸ்ட் செய்யுங்கள். பைலின் தொடக்கத்தில் உள்ள மூன்று சிறிய வரிகளைத் தொடாதீர்கள். வேர்ட் போன்ற புரோகிராம்களில் திறக்காதீர்கள். சேவ் செய்து மூடிவிட்டு எக்ஸ்-பிளேனைத் திறந்தால் புதிய வரிசை அமலுக்கு வரும்.

ஒரு சீனரியைத் தற்காலிகமாக நிறுத்த அதை அழிக்க வேண்டியதில்லை. வரியின் தொடக்கத்தில் 'சீனரி_பேக்' என்று இருப்பதை 'சீனரி_பேக்_டிஸேபிள்டு' என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் மாற்றினால் போதும். எந்த ஆட்-ஆன் தொல்லை தருகிறது என்று கண்டுபிடிக்க இது நல்ல வழி.

பைல் குழம்பிவிட்டால் அதை அழித்துவிடுங்கள். அடுத்த முறை எக்ஸ்-பிளேன் அதைப் புதிதாக, ஆங்கில அகர வரிசையில் எழுதிக்கொள்ளும். ஆர்த்தோ4எக்ஸ்பி தயாரிக்கும் டைல் போல்டர்களின் பெயர் இசட் எழுத்தில் தொடங்குவதற்கும், அதன் ஓவர்லே போல்டரின் பெயர் ஒய் எழுத்தில் தொடங்குவதற்கும் இதுவே காரணம். அகர வரிசையில் அடுக்கினால் தரை கடைசியிலும், ஓவர்லே அதற்கு மேலும் தானாக வந்து உட்காரும்.

அறிகுறியும் காரணமும்

ரன்வே இருக்கிறது, கட்டிடங்கள் இல்லை: ஆர்த்தோ அல்லது மெஷ், ஏர்போர்ட்டுக்கு மேலே இருக்கிறது. ரன்வே விவரம் தனி பைலில் இருப்பதால் அது மட்டும் தப்பிவிடுகிறது.

ரன்வேயில் மரமும் வீடும்: ஓவர்லே, ஏர்போர்ட்டுக்கு மேலே இருக்கிறது.

பழைய டெர்மினலும் புதியதும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிகின்றன: புதிய ஏர்போர்ட்டின் வரி, குளோபல் ஏர்போர்ட்ஸ் வரிக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஏர்போர்ட்டுக்கு இரண்டு ஆட்-ஆன்கள் போட்டிருந்தாலும் இப்படி ஆகலாம். ஒன்றை நிறுத்திவிடுங்கள்.

படம் விரித்தது போல் தரை, அதில் ஒரு வீடும் சாலையும் எழும்பவில்லை: சிமுலேட்டரின் வீடு, காடு, சாலை எல்லாம் அதன் சொந்தத் தரை பைலுக்குள்தான் இருக்கின்றன. ஆர்த்தோ அந்தத் தரையின் இடத்தைப் பிடித்ததும் அவையும் போய்விட்டன. அவற்றைத் தனியே பிரித்து எடுத்த ஓவர்லே போல்டர் இருக்கிறதா, ஆர்த்தோவுக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள்.

சீனரியை லோட் செய்வதில் சிக்கல் என்று செய்தி வருகிறது: தேவையான லைப்ரரி இல்லாதிருக்கலாம். எக்ஸ்-பிளேன் போல்டரில் 'லாக்' என்ற டெக்ஸ்ட் பைலைத் திறந்து, பெயில்டு என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள். எந்தப் பொருள் கிடைக்கவில்லை, எந்த சீனரி அதைக் கேட்டது என்று அந்த வரியிலேயே இருக்கும். ஆட்-ஆனுடன் வரும் ரீட்மீ பைலில் தேவையான லைப்ரரிகளின் பட்டியல் இருக்கும். அதை முதலிலேயே படித்துவிடுவது நல்லது.

ஹார்ட் டிஸ்க்கையும் பாருங்கள்

ஆர்த்தோ இடத்தை விழுங்கும். இதில் ஸூம் லெவல் என்று ஓர் எண் உண்டு. பூமத்திய ரேகைப் பகுதியில் 16ம் லெவலில் ஒரு பிக்ஸல் தரையில் சுமார் 2.4 மீட்டர், 17ம் லெவலில் சுமார் 1.2 மீட்டர். ஒரு லெவல் கூட்டினால் நீளமும் அகலமும் இரட்டிப்பாகி, படத்தின் அளவு நான்கு மடங்காகும். ஒரு டைலே பல ஜிபி வரலாம். எனவே முதல் முறை 16ம் லெவலில் ஒரே ஒரு டைல் செய்து பாருங்கள்.

சி டிரைவில் இடம் இல்லையா? ஆர்த்தோ போல்டரை வேறு டிரைவில் வைத்து, அதன் ஷார்ட்கட்டை மட்டும் கஸ்டம் சீனரி போல்டரில் வையுங்கள். விண்டோஸில் எக்ஸ்-பிளேன் ஷார்ட்கட்டைப் பின்தொடர்ந்து போய் சீனரியை எடுத்துக்கொள்ளும்.

வேறு சிமுலேட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இந்த அடிப்படை உதவும். 2006ல் வந்த மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர் எக்ஸ் புரோகிராமில் 'சீனரி லைப்ரரி' என்ற பட்டியல் உண்டு. அங்கும் மேலே இருப்பதற்கே முன்னுரிமை. நோட்பேடுக்குப் பதில் மேலே, கீழே நகர்த்தும் பட்டன்கள் இருக்கும்.

கடைசியாக ஒரு பழக்கம். பத்து ஆட்-ஆன்களை ஒரே நாளில் போடாதீர்கள். ஒன்றைப் போடுங்கள், வரிசையைச் சரிபாருங்கள், அந்த ஏர்போர்ட்டிலிருந்து ஒரு சுற்று பறந்து பாருங்கள். எல்லாம் சரி என்றால் சீனரி_பேக்ஸ் பைலைக் காப்பி எடுத்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நாளை ஏதாவது கெட்டால், கடைசியாகப் போட்டது எது என்று உங்களுக்குத் தெரியும்.